நடுப்படத்தில் மட்டும் ஏன் இரண்டு விளக்கு?

பொழுதுபட்ட நேரத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு முன்னால் முக்காலியில் கமராவைப் பூட்டி, வெளிச்ச அளவை மாற்றி மாற்றி ஐந்து படம் எடுத்திருக்கிறார் ஒரு தம்பி. வானத்துக்கு ஒன்று, வெள்ளைச் சுவருக்கு ஒன்று, மரத்தடி இருட்டுக்கு ஒன்று என எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவது இன்று பலருக்கும் பழகிய வேலைதான். அவர் கேட்டது வேறு. 1/250 செக்கன் படம் கூர்மையாக இருக்கிறது, 1 செக்கன் படமும் அப்படியே. நடுவில் உள்ள 1/15 செக்கன் படத்தில் மட்டும் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரிகிறது. "நான் கமராவைத் தொடவே இல்லை, வயர் பூட்டித்தான் அழுத்தினேன்" என்கிறார்.

அசைத்தது கமராவேதான். டிஎஸ்எல்ஆர் கமராவுக்குள், வில்லை வழி வரும் ஒளியை நாம் கண் வைக்கும் துளைக்குத் திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று இருக்கிறது. அந்தக் கண்ணாடி ஒவ்வொரு படத்துக்கும் மேலெழும்பி மோதி நிற்கிறது, அடுத்து ஷட்டர் திரை ஓடுகிறது. அந்தத் தட்டில் முக்காலி, இசைக்கவை போலத் தன் சொந்த மீடிறனில், அதாவது செக்கனுக்கு இத்தனை தடவை என்ற தனக்கே உரிய வீதத்தில், அதிரத் தொடங்கும்.

அது கண்ணுக்குத் தெரியாது. 50 மில்லிமீற்றர் வில்லை, 4 மைக்ரோமீற்றர் அகலப் படப்புள்ளி என்று கணக்குப் போடுங்கள். 15 சென்ரிமீற்றர் நீளமான கமராவின் நுனி வெறும் 12 மைக்ரோமீற்றர் எழும்பினாலே படம் ஒரு புள்ளி நகர்ந்துவிடும். தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு.

சரி, மங்கலாகாமல் ஏன் இரண்டாகத் தெரிகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். சித்திரை வருடப்பிறப்புக்கு வேப்பமரத்தில் கட்டும் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். நடுவில் வரும்போதுதான் அதற்கு வேகம் அதிகம். இரு முனைகளிலும் வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் திரும்பும். ஆகவே ஊஞ்சல் தன் நேரத்தில் பெரும்பகுதியை முனைகளை அண்டியே கழிக்கிறது. அதிரும் கமராவில் விளக்கின் விம்பமும் அப்படித்தான். நின்று திரும்பும் இரு முனைகளிலும் ஒளி நிறையச் சேர்கிறது, நடுவில் மெல்லிய கோடு மட்டும் விழுகிறது. உயர்தரப் பௌதிகவியலில் இந்த ஊஞ்சல் ஆட்டத்துக்கு, அதாவது எளிமை இசை இயக்கத்துக்குச் சமன்பாடு எழுதிப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேருக்கு இதைக் கண்ணால் காட்டியிருக்கிறோம்? பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு இன்னும் காசு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். திருவிழா இரவுப் படமொன்றில் தீபம் இரண்டாகத் தெரிந்ததை அற்புதம் என்று எனக்கு அனுப்பியவர்களும் உண்டு. அவர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கான காரணத்தைப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது.

இனி மற்றப் படங்கள். முக்காலி செக்கனுக்கு 15 தடவை ஆடி, கால் செக்கனில் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/15 செக்கனில் ஒரு முழு ஆட்டம் படத்தில் பதிந்துவிடும். 1/250 செக்கனிலோ ஊஞ்சல் கொஞ்சம் நகர்வதற்குள் கதவு மூடிவிடுகிறது. 1 செக்கன் படத்தில் முக்கால் செக்கன் கமரா அசையாமல் நிற்பதால், அந்த நேரத்து ஒளி ஆட்டத்தின் தடத்தை அமுக்கிவிடும். 1/4 செக்கன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் மங்கல் இருக்கும், தம்பி கவனித்திருக்கமாட்டார்.

கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கும் வசதி பல கமராக்களில் இருக்கும். அதைப் போட்டு, ஆட்டம் அடங்கிய பிறகு ஷட்டரைத் திறக்க வேண்டும். 2 செக்கன் தாமதம் மட்டும் வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல கமராக்களில் அந்தத் தாமதம் முதல் படத்துக்கு மட்டுமே, மற்ற நான்கும் கண்ணாடி அடிக்க அடிக்கத் தொடர்ந்து ஓடும். திரை ஓடாமலே படத்தைத் தொடங்கிவைக்கும் மின்னணு முன்திரை வசதி இருந்தால் அதையும் போடுங்கள். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். வில்லையில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள், சில வில்லைகளில் அதுவே முக்காலியில் அசைவை உண்டாக்கும்.

பண்ணைப் பக்கம் சோளகக் காற்று அடிக்கும்போது கமரா வாரைக் கழற்றிவிடுங்கள், அது பாய் போலக் காற்றை வாங்கும். பாரத்துக்காக முக்காலியில் பையைக் கட்டினால் அது நிலத்தில் முட்டியபடி இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் பையே ஊசலாகிவிடும்.

உங்கள் முக்காலி எவ்வளவு நேரம் ஆடும் என்று அறிய, தூரத்து விளக்கொன்றைத் திரையில் ஆகக் கூடிய அளவுக்குப் பெரிதாக்கி, முக்காலியின் காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். விளக்கு துள்ளி, மெல்ல மெல்ல அடங்கும். அது நிற்கும்வரை எண்ணிப் பாருங்கள், கண்ணாடியைத் தூக்கிய பிறகு குறைந்தது அவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும்.