சாகசமா, இடர்வேட்கையா?

சிராவயல் மஞ்சுவிரட்டில் காளையைத் தழுவி மாண்டவருக்கும், பனிமலையில் உறைந்து மாண்டவருக்கும், ஓடும் ரயிலின் முன் செல்பி எடுத்து மாண்டவருக்கும் ‘சாகசம்’ என்ற ஒரே சொல்லைச் செய்தியாளர்கள் சூட்டுகின்றனர். பொட்டலில் அவிழ்த்துவிட்ட கட்டுமாடு முட்டி, வேடிக்கை பார்க்க வந்தவர் இறந்தாலும் அதே சொல்தான்.

வடமொழியில் ‘ஸஹஸ்’ என்பது வலிமை. அதன்வழி வந்தது ‘ஸாஹஸம்’. அர்த்தசாஸ்திரத்தில் அது வன்முறைக் குற்றத்தின் பெயர். இந்தியில் துணிவைக் குறிக்கும். தமிழிலோ பாசாங்கு என்ற பொருளும் அதில் ஊறிவிட்டது. வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துப் பள்ளிக்குப் போக மறுக்கும் பேரனை, “சாகசம் பண்ணாம எந்திரிடா” என்றுதான் காரைக்குடிப் பக்கத்து அப்பத்தா அதட்டுவார்.

இதற்கு மாற்றாகத் தனித்தமிழ் அன்பர் சிலர் முன்வைக்கும் ‘வீரச்செயல்’ இன்னும் பெரிய பிழை. வீரத்துக்கு எதிரி வேண்டும், அல்லது காக்கப்பட வேண்டிய ஓர் உயிரோ பொருளோ வேண்டும். ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்கு ஊர் நடுகல் நட்டது அதனால்தான். எவரெஸ்டில் ஏறுவது ஏன் என்று கேட்டபோது, “அது அங்கே இருப்பதால்” என்று பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மல்லோரி சொன்னதாக 1923இல் செய்தி வந்தது. மறு ஆண்டே அம்மலையில் மாண்ட அவருடைய உடல் 1999இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அங்கே மீட்க என்ன இருந்தது? புதுமையும் கடும் உணர்ச்சியும் நாடி ஆபத்தை ஏற்கும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதை உளவியலாளர் மார்வின் சுக்கர்மன் 1964 முதல் அளவுகோல் வகுத்து ஆராய்ந்தார். பசியைப் போன்ற அந்த உந்துதலை ‘வீரம்’ என்ற சொல் மூடிவிடுகிறது.

ஆதலால் அந்த நாட்டத்தை ‘இடர்வேட்கை’ என்றும், அதனால் விளையும் செயலை ‘இடர்துணிதல்’ என்றும் சொல்வதே தெளிவு. மாடு பிடிப்பவருக்கு இவையும் வேண்டா. கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் மறுபிறவியிலும் தழுவாள் என்னும் கலித்தொகையின் உலகத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ‘தறுகண்’, அதாவது அஞ்சாமை, இருக்கிறது. நுனிக்கொம்பர் ஏறியவர் அதையும் கடந்து ஊக்கினால் உயிருக்கு இறுதியாகும் என்ற குறளும் அஞ்சாமையைப் பழிக்கவில்லை, எல்லை கடப்பதையே எச்சரிக்கிறது.

‘இடர்’ என்று எழுதினால் சுற்றுலா விளம்பரத்துக்கு ஆள் வராது என்கின்றனர், ‘அட்வெஞ்சர்’ சுற்றுலா விளம்பரங்களைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்கள். கயிற்றில் தொங்கப் போகிறவருக்கு முதலில் தெரியவேண்டியதே அந்த இடர்தான்; அதை மறைப்பதற்காக ஒரு சொல்லைத் தேர்வது மொழிபெயர்ப்பாகாது.