உளவியல்சார் மானிடவியல்

மனித மனமும் பண்பாடும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்று ஆராயும் துறையான 'சைக்கலாஜிக்கல் ஆந்த்ரோபாலஜி'யைப் பலர் 'உளவியல் மானிடவியல்' என்று எழுதுகிறார்கள். இரண்டு துறைப்பெயர்கள் ஒட்டி நிற்கும்போது எது எதற்கு அடை என்று புரியாது. 'உளவியல்சார் மானிடவியல்' என்றால் குழப்பமில்லை. மானிடம் வடசொல் ஆயிற்றே என்பவர்கள் 'மாந்தவியல்' என்கிறார்கள், அதிலும் பிழையில்லை.

கிரேக்கத்தில் 'சைக்கி' முதலில் மூச்சு, பிறகு உயிர். தமிழில் 'உளம்' பிறந்தது 'உள்' என்பதிலிருந்து. இதில்தான் சிக்கல். சொல்லின் வேர் மனதை ஒருவருக்குள் வைத்துப் பூட்டுகிறது. துறையோ ஆளுக்கும் ஆளுக்கும் நடுவிலும் அதைத் தேடுகிறது. மருத்துவரும் உளவியலாளருமான ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரித் தோடர்களின் பார்வைத்திறனையும் சோதித்தார், வம்சாவளிகளையும் குறித்தார். இரண்டும் ஒரே ஆளின் வேலை.

'எமோஷன்' என்பதற்கு உணர்ச்சி போதும். ஆனால் உடலில் வெளிப்பட்டு மற்றவர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல, தொல்காப்பியத்தின் 'மெய்ப்பாடு' இன்னும் பொருந்தும்; அங்கே நகை, அழுகை என எட்டு. இதையே வடமொழி 'பாவம்' என்கிறது. நம் எழுத்தில் அது இன்னொரு பாவத்தோடு கலந்துவிடுகிறது. நீலகிரியில் வாழும் படகர் சமூகத்தின் இறுதிச்சடங்கில் இறந்தவரின் குற்றங்களை ஒருவர் அடுக்க, ஒவ்வொன்றுக்கும் கூட்டம் பாவம் என்று குரல் கொடுக்கும். அங்கே அது குற்றம். குன்னூர் பஸ்ஸ்டாண்டில் 'ஐயோ, பாவம்' என்றால் இரக்கம். அகராதியை மட்டும் நம்பிக் கள ஆய்வுக்குப் போகிறவர் இங்கேதான் வழுக்குவார்.

ஆய்வுக்கான கேள்விப்பட்டியலில் 'சோகமாக உணர்கிறீர்களா?' என்று கேட்டால், கேட்க வந்தவர் மனம் கோணக்கூடாதென்று 'ஆமாங்க' என்பார்கள். அந்த 'ஆமாங்க' மரியாதை, தரவு அல்ல. துக்க வீட்டில் யார் முதலில் அழுதார், யார் தோளைப் பிடித்தார், யார் அழக்கூடாது என்று தடுத்தார், எந்தச் சொல் யாரிடம் வந்தது என்று எழுதிக்கொண்டு, பிறகு கேட்க வேண்டும்.

ஓர் இடத்தோடும் ஆட்களோடும் ஒட்டியிருக்கும் உணர்வைச் சொல்லும் 'பிலாங்கிங்'குக்குத் தமிழ்ச்சொல் தேடுவது கடினம். 'உடைமை' பொருளுக்குப் போய்விடும். 'சொந்தம்' பரவாயில்லை, சொத்தும் உறவும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. அவர்களில் பலர் பிறந்தது இலங்கையில். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு பாட்டி 'நம்ம ஊரு' என்கிறாரா, 'எங்க ஊரு' என்கிறாரா, அந்த ஊர் கோத்தகிரியா கண்டியா, கேட்டுக்கொண்டிருப்பவர் பேத்தியா வெளியாளா என்பதுவரை குறிப்பேட்டில் ஏற வேண்டும்.