மெயில் வந்திருப்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "பையர் அனுப்புற மெயில் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உடனே வந்துருதுங்க. போன்ல மட்டும் கால் மணி நேரம் கழிச்சு வருது, ஏனுங்க?"

பையரின் மெயில் எஸ்எம்டிபி என்ற, மெயில் அனுப்புவதற்கான விதிமுறை வழியாக உங்கள் கம்பெனியின் மெயில் சர்வருக்கு வந்து பதிந்துவிடுகிறது. அதுவரை தாமதம் எதுவும் இல்லை. அங்கிருந்து உங்கள் திரைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ஐமேப் என்ற விதிமுறை. 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தது. 1988-இல் அதன் விவரங்கள் வெளியானபோது அவர் இருந்தது மருத்துவ ஆராய்ச்சிக்காக அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த கணினி மையத்தில். நம்மூரில் என்றால் மருத்துவத்துக்குக் கொடுத்த காசில் மெயில் எதற்கு என்று கேட்டே ஃபைலை மூடியிருப்பார்கள்.

ஐமேப்பில் கிளையன்ட், அதாவது உங்கள் மெயில் ஆப், ஒவ்வொரு கட்டளைக்கும் ஏ1, ஏ2 என்று ஓர் அடையாளம் போட்டு அனுப்பும், சர்வர் அதே அடையாளத்தோடு பதில் சொல்லும். சரி, கேட்காமலே புது மெயில் தெரிய வேண்டுமென்றால்? முன்பெல்லாம் சில நிமிடத்துக்கு ஒருமுறை "ஏதாவது வந்ததா" என்று நச்சரிக்க வேண்டும். 1997-இல் ஐடில் என்ற கட்டளை வந்தது. கிளையன்ட் ஐடில் என்கிறது, சர்வர் ஒரு கூட்டல் குறியை அனுப்புகிறது, அப்புறம் போனை வைக்காமல் பேசாமல் இருப்பதுபோல இரண்டும் அமைதி.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த அமைதிதான். டவ்காட் போன்ற சர்வர் மென்பொருளில் உங்கள் இணைப்புக்கென்றே ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) இருக்கும். அது "இந்த ஃபோல்டரில் ஏதாவது மாறினால் எழுப்பு" என்று சர்வரை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்கப்போய்விடும், பிராசசருக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. மெயில் ஃபைல் வந்து விழுந்ததும் கெர்னல் எழுப்ப, அது அனுப்புவது ஒரே வரி: நட்சத்திரக் குறி, 24, எக்ஸிஸ்ட்ஸ். பெட்டியில் இப்போது 24 மெயில் இருக்கிறது, அவ்வளவுதான். யார் அனுப்பியது, என்ன விஷயம், எதுவும் கிடையாது. கிளையன்ட் டன் என்று சொல்லி ஐடிலை முடித்துவிட்டு, 24-ஆவதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் சத்தமே இல்லையென்றால் சர்வர் இணைப்பை அறுத்துவிடலாம் என்பதால், 29 நிமிடத்துக்குள் ஐடிலைப் புதுப்பிக்கச் சொல்கிறது விதி.

போனில் இது தடுமாறும். பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு ஆப்பைத் தூங்க வைக்கும். மொபைல் நெட்வொர்க்கும் பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடும். அதனால் பல மெயில் ஆப்கள் பழையபடி 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கின்றன. ஆப்பைத் திறந்ததும் மெயில் கொட்டுவது அப்போது அது உடனே கேட்பதால்தான். அக்கவுண்ட் செட்டிங்கில் சிங்க் நேரம், அதாவது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது என்பது, இருக்கும். அங்கே புஷ் (மெயில் வந்ததும் சர்வரே சொல்லும் முறை) இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்க, ஆனால் சார்ஜ் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.