பிராண்ட் பிட்டிங்: சொல் விளக்கம்

ஒருவர் உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கூகுளில் தட்டுகிறார். முதலில் வந்து நிற்பதோ உங்கள் போட்டியாளரின் விளம்பரம். எந்தத் தேடலுக்குத் தன் விளம்பரம் வர வேண்டும் என்று விளம்பரதாரர் கொடுத்து வைக்கும் சொல்தான் கீவேர்ட். உங்கள் பெயரையே கீவேர்டாகக் கொடுத்து அவர் விளம்பரம் போட்டிருக்கிறார். இணைய விளம்பரத் துறையில் இதை 'பிராண்ட் பிட்டிங்' என்கிறார்கள்.

ஆனால் இந்தச் சொல் போட்டியாளருக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் பெயருக்கு நீங்களே காசு கட்டி விளம்பரம் வைத்தாலும் அது பிராண்ட் பிட்டிங்தான். உங்கள் பொருளை விற்றுக் கமிஷன் வாங்கும் அஃபிலியேட், எப்படியும் உங்களிடம் வரவிருந்தவரை உங்கள் பெயரை வைத்தே வளைத்துப் பிடித்துக் கமிஷன் கேட்டாலும் அதே பெயர்தான். அதனால்தான் அஃபிலியேட் ஒப்பந்தங்கள் பலவற்றில் இதற்குத் தடை போட்டிருப்பார்கள்.

'பிராண்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் கொள்ளிக்கட்டையைக் குறித்த சொல். அப்புறம் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறி ஆனது. கடைசியில் வணிகப் பெயர். இன்னாருடைய மாடு என்று காட்டப் போட்ட குறியை இன்று வேறொருவர் காசு கொடுத்துப் பயன்படுத்துகிறார்! 'பிட்' என்றால் ஏலத்தில் விலை கேட்பது. 1998-இல் கோட்டூ என்ற தேடுபொறி விளம்பர இடங்களைத் தேடுசொல் வாரியாக ஏலத்துக்கு விட்டது. கூகுள் 2000-இல் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002-இல் கிளிக்குக்கு இவ்வளவு என்ற ஏல முறையைக் கொண்டுவந்தது.

ஏலம் என்றதும், அதிகம் கேட்டவர் பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக ஏலம் நடக்கிறது. கேட்ட தொகையோடு, விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, போய்ச் சேரும் பக்கம் எப்படி என்பதையும் பார்க்கிறார்கள். உங்கள் பெயரைத் தேடுபவருக்கு உங்கள் பக்கம்தான் பொருத்தம் என்பதால், அதே இடத்துக்குப் போட்டியாளர் பொதுவாக உங்களைவிட அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கும். ஏலத்தில் இருப்பது பெயர் அல்ல, பெயரைத் தேடுபவரின் கண்ணில் படும் இடம்.

இதைப் 'பெயர்த் திருட்டு' என்று கோபத்தில் சொல்பவர்கள் உண்டு. கோபம் நியாயம், சொல் பொருந்தாது. கீவேர்ட் யார் கண்ணுக்கும் தெரியாது. விளம்பர வாசகம் தெரியும். சட்டமும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனமான லூயி வுய்த்தோன் கூகுள்மீது தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010-இல் எடுத்த நிலை: விளம்பரம் யாருடையது என்று சாதாரண இணையப் பயனருக்கு விளங்காமல் போனால் தவறு. கீவேர்டாகப் பயன்படுத்தியது மட்டுமே மீறல் ஆகாது, குழப்பம் விளைவிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் எடுத்த நிலை. கூகுளும் வர்த்தக முத்திரையைக் கீவேர்டாக வைப்பதைத் தடுப்பதில்லை. உரிமையாளர் புகார் தந்தால் விளம்பர வாசகத்தில் அது இடம்பெறுவதைக் கட்டுப்படுத்தும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பொதுப் பொருளுக்கு 'வணிகப்பெயர் ஏலம்' போதும். போட்டியாளர் செய்வதை 'போட்டிப்பெயர் ஏலம்' என்றும், நாமே செய்வதைத் 'தன்பெயர் ஏலம்' என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. ஆங்கிலச் சொல்லில் இந்தப் பிரிவு இல்லாததால்தான் பேச்சில் குழப்பம் வருகிறது. 'ஏலம்' போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல்தான். நூற்றாண்டுகளாகப் புழங்கி நம் சொல்லாகிவிட்டது.

கீவேர்டுக்கு 'தேடுசொல்' என்று எழுதுவதில் ஒரு சிக்கல். பயனர் தட்டுவது வேறு, விளம்பரதாரர் கொடுத்து வைப்பது வேறு. முன்னதைத் தேடுசொல் என்றும் பின்னதை விளம்பரக் குறிச்சொல் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. குறிச்சொல்லோடு தொடர்புடைய மற்றத் தேடல்களுக்கும் விளம்பரம் வரும்படி, அதாவது 'பரந்த பொருத்தத்தில்' (பிராட் மேட்ச்) வைத்திருந்தால், உங்கள் பெயரைக் கொடுக்காத போட்டியாளரின் விளம்பரமும் உங்கள் பெயருக்கு வரலாம். ஆகவே சண்டைக்குப் போகுமுன், 'எங்கள் பெயரை உங்கள் விளம்பரத்தில் விலக்குச்சொல்லாகச் சேருங்கள்' என்று எழுதிக் கேட்கலாம். இந்தச் சொல்லைத் தேடினால் என் விளம்பரம் வர வேண்டாம் என்று கொடுத்து வைக்கும் நெகட்டிவ் கீவேர்டுக்கு விலக்குச்சொல் என்பது பொருத்தமாகவே இருக்கிறது.