"புரிந்ததா?" என்று கேட்டால் போதாது

வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிக்கு இன்சுலின் பேனாவை (பேனா வடிவில் இருக்கும் ஊசிக் கருவி) பயன்படுத்தக் கற்றுத்தருவது செவிலியரின் அன்றாட வேலைகளில் ஒன்று. முன்பெல்லாம் நானே ஒரு முறை செய்து காட்டிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்பேன்; அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அப்படிப் போன பெரியவர் ஒருவர், பத்து நாள் கழித்துச் சர்க்கரை மிகவும் கூடிய நிலையில் திரும்பி வந்தார். வேளை தவறாமல் ஊசி போட்டதாகச் சொன்னவரிடம் பேனாவைக் கொடுத்து, "வீட்டில் எப்படிப் போடுவீர்களோ அப்படியே செய்யுங்கள் ஐயா" என்றேன். ஊசியின் வெளி மூடியைக் கழற்றியவர், உள்ளிருக்கும் சின்ன மூடியைக் கழற்றாமலேயே வயிற்றில் வைத்து அழுத்தினார். பத்து நாளும் மருந்து உடம்புக்குள் போகவே இல்லை.

இது அவர் ஒருவரின் கவனக்குறைவு அல்ல. இதே தவறு பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே வெளியிட்டது. உள்மூடியைத் தனியே கழற்றத் தேவையில்லாத பாதுகாப்பு ஊசியில் வார்டில் பழகியவர், வீட்டில் சாதாரண ஊசியைக் கையில் எடுத்தால் இப்படித்தான் நேரும். ஆகவே, அவர் கொண்டுபோகப்போகும் ஊசியை வைத்தே கற்றுத்தர வேண்டும். பிறகு அவரையே நம் கண்முன் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். அழுத்திய பின் பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுக்கிறாரா, போட்ட இடத்திலேயே மறுபடியும் போடாமல் இடம் மாற்றுகிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டால் பரீட்சை வைப்பது போலவும் இருக்காது. ஒரே நேரத்தில் பத்து விஷயங்களைக் கொட்டுவதைவிட, இரண்டை மட்டும் சொல்லிச் செய்யவைப்பது மேல்.

மாணவிகளிடமும் இதே முறைதான், ஆனால் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். புதியவரிலிருந்து வல்லுநர் வரை ஒரு செவிலியர் ஐந்து படிநிலைகளைக் கடக்கிறார் என்று 1984-இல் அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் எழுதினார். முதல் படியில் நிற்பவரிடம் "பார்த்தாலே தெரியவில்லையா?" என்று கேட்பதில் பயனில்லை, எதைப் பார்த்தோம் என்பதை நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். எண்ணாமலேயே எல்லாருக்கும் சுவாசம் நிமிடத்துக்கு 20 என்று எழுதும் பழக்கம் அவர்களாகக் கற்றதல்ல, (வருத்தத்தோடு சொல்கிறேன்) நம்மைப் பார்த்துக் கற்றதுதான். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி, நோயாளி அறியாமல் மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிக் காட்டினால், நான்கைந்து நாளில் மாணவியும் அப்படியே எண்ணத் தொடங்கிவிடுவார். தவறு செய்தால் நோயாளியின் முன் கடிந்துகொள்ளாமல் "ஒரு நிமிடம், சேர்ந்து பார்ப்போம்" என்று கையை நிறுத்திவிட்டு, விளக்கத்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

சக ஊழியர்களிடம் பேசும்போதுதான் நமக்குத் தயக்கம் வருகிறது, அதுவும் கற்றுக்கொள்ள வேண்டியவர் மூத்தவராக இருந்தால். எங்கள் வார்டுக்குப் புதிய இன்ஃபியூஷன் பம்ப் (மருந்தை அளவாக நரம்பில் ஏற்றும் கருவி) வந்தபோது, என்னைவிட வயதில் மிக இளைய செவிலியர் ஒருவர்தான் அதை எனக்குக் காட்டினார். புரிந்துவிட்டது என்று நான் தலையாட்டியும் அவர் விடவில்லை. "நீங்கள் ஒரு முறை செய்யுங்கள், சிஸ்டர்" என்றார். அலாரத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நின்றேன்.