வில்லின் முதுகும் வயிறும்

வில்லை வளைத்தால் அதன் ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது. மர வில்லின் அறிவியல் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். இலக்கைப் பார்த்திருக்கும் வெளிப்பக்கத்தை முதுகு என்றும், எய்பவரைப் பார்த்திருக்கும் உள்பக்கத்தை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். நாணை இழுக்கும்போது முதுகில் உள்ள நார்கள் இழுபடுகின்றன, வயிற்றில் உள்ளவை அமுங்குகின்றன. நடுவே நீளாமலும் சுருங்காமலும் ஓர் அடுக்கு இருக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் பேனாவால் குறுக்குக்கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். மேலே கோடுகள் விலகும், கீழே நெருங்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது உடனே புரிந்துவிடும்.

எவ்வளவு நீள்கிறது? 12 மி.மீ. கனமுள்ள பட்டையை 75 செ.மீ. ஆரத்துக்கு வளைத்தால் முதுகு 0.8 சதவீதம் நீளும். கேட்க அற்பமாகத் தெரிகிறது. ஆனால் கட்டட வேலைக்கு வாங்கும் சாதாரண இரும்புப் பட்டையை இதில் ஆறில் ஒரு பங்கு நீட்டினாலே அது பழைய வடிவுக்குத் திரும்பாது, வளைந்தபடியே நின்றுவிடும். நன்றாக உலர்ந்த மரமோ இத்தனையையும் தாங்கிக்கொண்டு நிமிர்கிறது. அதுவும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு எடையில்! ஆயிரக்கணக்கான வருடங்கள் மனிதர்கள் வில்லுக்கு மரத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான்.

கொங்கு நாட்டுக்கு வில் புதிதல்ல. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் இருக்கின்றன. கொல்லிமலையில் ஆடி மாதம் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறார்கள், வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வில்லைச் சிலையின் கையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு கோடை விடுமுறையில் வீட்டோடு உட்கார்ந்து ஒரு வில்லைச் செய்தால், பள்ளியில் படிக்கும் விசை, ஆற்றல், மீள்தன்மை எல்லாம் கைக்கே வந்து சேரும். அதற்காகவே இதைச் செய்யச் சொல்கிறேன்.

மரத்துக்கு வருவோம். எந்த மரம் என்பதைவிட ரேகை எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். நேராக ஓடும் நார் இழுபடுவதை நன்றாகத் தாங்கும், அமுங்குவதை அவ்வளவு தாங்காது. ரேகை சாய்ந்து முதுகுப்பக்கம் வெளியே வந்து முடிந்தால், அந்த இடத்திலேயே வில் பிளக்கும். கொறங்காட்டில், அதாவது கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலத்தில், வளரும் வெள்வேல் கெட்டியான மரம்தான், ஆனால் கோணலாக வளர்வதால் ஒன்றரை மீட்டருக்கு நேரான ரேகை அமைவது கடினம். சன்னல் சட்டம் செய்யும் தச்சரிடம் கணு இல்லாத தேக்குச் சட்டம் கேட்டு வாங்கிக்கொள்வது சுலபம். காட்டுக்குள் போய் மரம் வெட்டுவது குற்றம், அந்த நினைப்பே வேண்டாம்.

தேக்கை வயிற்றுக்கு வைத்துவிட்டு, முதுகில் மெல்லிய மூங்கில் பட்டையை ஒட்டலாம். மூங்கிலின் குறுக்குவெட்டைப் பாருங்கள். வெளித்தோலை ஒட்டி நார்க்கட்டுகள் கருப்புப் புள்ளிகளாக நெருக்கியடித்திருக்கும், உள்ளே போகப் போகக் கலைந்திருக்கும். காற்று மூங்கிலை வளைக்கும்போது அதிகம் இழுபடுவது வெளிப்பக்கம்தானே? வலு அங்கேதான் குவிந்திருக்கிறது. வில்லின் முதுகுக்கும் அதுவே தேவை. அதனால் உள்பக்கத்தை மட்டும் இழைத்துச் சமமாக்க வேண்டும். தோல்பக்கம் உளி படக்கூடாது, கணுக்கள் துருத்திக்கொண்டிருந்தாலும் சீவிவிடக் கூடாது. ஒட்டுவதற்கு எபாக்ஸி நல்லது. தச்சர்களின் வெள்ளைப் பசை, தொடர்ந்து பாரம் நின்றால் மெல்ல நழுவும்.

இனி நுனிகள். நேரான வில்லில் நாணை இழுக்க இழுக்க, நாணுக்கும் நுனிக்கும் இடையிலான கோணம் விரிந்து செங்கோணத்தை நெருங்கும். அதற்குமேல் இழுத்தால் வில்லின் கைகள் (பிடிக்கு இருபுறமும் உள்ள பகுதிகள்) வளைவதைவிட அவற்றை நீளவாக்கில் இழுப்பதிலேயே நம் பலம் போகும், இழுவை திடீரென்று கனக்கும். நுனிகளை இலக்கின் பக்கமாக வளைத்துவிட்டால் அந்தக் கோணம் சிறியதாகவே இருக்கும். தொடக்கத்திலேயே இழுவை கெட்டியாக இருக்கும், கடைசியில் மிருதுவாக முடியும். நன்றாக வளைத்த நுனியில் நாண் முதலில் படிந்து கிடக்கும், இழுக்கும்போது விலகி எழும். அதாவது இழுக்க ஆரம்பிக்கும்போது குட்டையான வில், முடிக்கும்போது நெட்டையான வில். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்துக்கு எய்வதும் இந்த வகை வில்லால்தான்.

நுனியை வளைக்க அடுப்பும் பெரிய குண்டாவும் போதும். மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமும் 100 டிகிரி அளவில் சூடும் சேர்ந்தால் இளகும். 8 மி.மீ. கனத்துக்கு இழைத்த நுனியை அரை மணி நேரம் கொதிநீரில் வைத்து எடுத்து, உடனே மர அச்சின்மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும். சூடு ஆறும்போது லிக்னின் மறுபடி இறுகும். கொஞ்சம் நிமிரும், அதனால் அச்சைக் கூடுதல் வளைவாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரமாவது காயவிட்ட பிறகுதான் பசை. மூங்கிலை அதே அச்சுக்கு நெருப்பில் வாட்டியே வளைக்கலாம். முதல் வில்லுக்கு 15 செ.மீ. நுனியில் லேசான வளைவே போதும். அதிகம் வளைத்து, நுனி சற்றே முறுகியிருந்தால் நாண் பக்கவாட்டில் வழுக்கி வந்துவிடும்.

இதற்குமேல்தான் உண்மையான வேலை. 150 செ.மீ. நீளம், பிடிக்கு அருகில் 4 செ.மீ. அகலம், நுனியில் ஒன்றேகால் செ.மீ. இந்த அகலக் குறைப்பு அழகுக்காக அல்ல. நாண் இழுக்கும்போது வளைக்கும் திருப்புவிசை பிடிக்கருகில் அதிகம், நுனியை நோக்கிப் போகப் போகக் குறைவு. அகலமும் அதே கணக்கில் குறைந்து, கனம் ஒரே சீராக இருந்தால் கை முழுவதும் ஒரே வட்டத்தின் பகுதியாக வளையும். எந்த இடத்து நாருக்கும் மற்றதைவிட அதிகப் பாடு இருக்காது.

கனத்தில்தான் கை நிதானம் வேண்டும். பட்டையின் விறைப்பு அகலத்தோடு நேராக ஏறும், கனத்தோடு மூன்றாம் படியில் ஏறும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கு குறையும். 10 மி.மீ. கனத்தில் ஒரே ஒரு மி.மீ. சீவினால் 27 சதவீதம் போய்விடும். அரை மி.மீ. சீவினாலே 14 சதவீதம். ஓரிடத்தில் சற்று அதிகம் சீவிவிட்டால் வளைவு முழுவதும் அங்கே ஒதுங்கும், வயிறு அங்கேதான் நசுங்கும். சீவியதை மறுபடி ஒட்ட முடியாது. மற்ற இடங்களையெல்லாம் சீவி அதற்குச் சமமாக்கத்தான் முடியும், வில் மெலிந்துவிடும்.

அதனால் சுவரில் கரிக்கட்டையால் கட்டங்கள் போட்டு, வில்லின் பிடியை ஒரு முளையில் நிறுத்தி, நாணில் கயிறு கட்டுங்கள். கயிற்றைத் தரையோரம் கட்டிய பழைய கிணற்று உருளை வழியாகத் தூரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒருவர் மெல்ல இழுக்க வேண்டும். ஒடிந்தாலும் முகத்தில் படாது. இழுக்க அப்புச்சி (அம்மாவின் அப்பா), கட்டத்தில் வளைவைப் பார்த்து விறைப்பான இடங்களைச் சொல்லப் பிள்ளைகள், பென்சில் குறி போட்ட இடத்தில் வயிற்றுப்பக்கம் மட்டும் சுரண்ட ஒருவர். ஒவ்வொரு முறை சுரண்டியதும் வில்லை இருபது, முப்பது தடவை லேசாக இழுத்துவிட்ட பிறகுதான் அடுத்த முடிவு. "இன்னுங் கொஞ்சம் இழுங்க அப்புச்சி" என்று குரல் வரும். வளைவு சீராகும்வரை அதற்குச் செவிசாய்க்கவே கூடாது!

கயிற்றில் தொங்கு தராசை மாட்டினால் அடுத்த பாடம் ரெடி. 5 செ.மீ.க்கு ஒருமுறை எடையைக் குறித்து வரைதாளில் வரையுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வில்லில் சேர்ந்த ஆற்றல். நாண் 45 செ.மீ. பின்னால் வந்து 9 கிலோவில் நின்றால், நேர்கோட்டுக் கணக்கில் சுமார் 20 ஜூல். வளைந்த நுனியால் கோடு நடுவில் புடைத்திருந்தால் அதே 9 கிலோவுக்கு இன்னும் அதிகம் சேரும். அதில் பாதி மட்டும் 25 கிராம் அம்புக்குப் போனாலும் அது மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் புறப்படும்.

மீதி எங்கே போகிறது? வில்லின் கைகளையும் நாணையும் நகர்த்துவதற்கு. நுனி கனமாக இருந்தால் அந்த நஷ்டம் அதிகம், ஆகவே நுனியை ஒல்லியாக வையுங்கள். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விட்டால் 20 ஜூலும் வில்லுக்குள்ளேயே அடிக்கும், ஒடிந்துகூடப் போகலாம். விளையாட்டுக்கும் அப்படிச் செய்யக்கூடாது. மழுங்கிய முனை அம்பும், பின்னால் சோளத்தட்டுப் போரும், பெரியவர் ஒருவர் பக்கத்திலும் இருந்தால் மட்டுமே எய்யலாம். மயில், முயல் மட்டுமல்ல, எந்த உயிரையும் குறிவைக்கக் கூடாது.

நாணுக்கு அக்காலத்தில் மருள் என்ற செடியின் நாரைத் திரித்தார்கள். இன்று ஈரோட்டிலும் திருப்பூரிலும் கிடைக்கும் பாலியஸ்டர் நூலே போதும், பல இழைகள் சேர்த்து முறுக்கி மெழுகு தேயுங்கள். நைலான் அதிகம் நீளும், வேண்டாம்.

எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள். வளைந்தே கிடக்கும் மரம் அந்த வளைவை மெல்லப் பழகிக்கொள்ளும். ஈரம் ஏறினால் இன்னும் சீக்கிரம் பழகும், நீர் நார்களின் சுவருக்குள் புகுந்து அவற்றை இளக்குவதால். சித்திரையில் வரைந்த வரைதாளை எடுத்து வையுங்கள். ஐப்பசி அடைமழையில் அதே வில்லை மறுபடி தராசில் மாட்டினால் கோடு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். எவ்வளவு இறங்கியது என்று பிள்ளைகளே அளந்து சொல்லட்டும்.