டி.சி. கையில வாங்குறதுக்கு முன்னாடி: டிகிரி நடுவுல யூனிவர்சிட்டி மாறுறவங்களுக்கு

ஜூன், ஜூலை வந்துட்டா எங்க ஆபீஸ் கவுன்டர்ல இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. "சார், பையன் சென்னையில பி.எஸ்சி. ஒரு வருஷம் முடிச்சிட்டான், ஹாஸ்டல் கட்டுபடியாகல, இங்க செகண்ட் இயர் சேத்துக்குவீங்களா?" இல்லன்னா பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, மாப்ள வீடு திருத்துறைப்பூண்டி, அங்க பக்கத்துல ஏதாவது காலேஜ்ல போட முடியுமான்னு. நான் டெல்டாவுல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ் ஆபீஸ்ல அட்மிஷன், எக்ஸாம் ரெண்டு செக்ஷனும் ரொம்ப வருஷமா பார்த்துட்டு இருக்கேன், அதனால முடியும்னு சொன்னாலும் தப்பு முடியாதுன்னு சொன்னாலும் தப்புன்னு தெரியும், பேப்பர் ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.

ஆனா பாதிப் பேர் அடுத்து சொல்றதக் கேட்டாத்தான் எனக்குத் தலை சுத்தும். "டி.சி. வாங்கிட்டு வந்துட்டோம் சார்."

இதுதான் நான் இங்க முக்கியமா சொல்ல வந்தது. டி.சி. வாங்கின நிமிஷமே பழைய காலேஜ் ரோல்ல இருந்து பேரு போயிருச்சு. புது இடத்துல சீட்டு இல்லன்னாலோ யூனிவர்சிட்டி ஒத்துக்கலன்னாலோ திரும்பிப் போய் "தெரியாம வாங்கிட்டேன், சேத்துக்கங்க"ன்னு சொன்னா அது சும்மா நடக்காது, ரீ-அட்மிஷன்னு தனியா மேல பெர்மிஷன் கேட்கணும், அதுக்குள்ள செமஸ்டரே போயிரும். ஒரு அப்பாகிட்ட கேட்டேன், "நட வயல்ல தண்ணி இருக்கான்னு பார்க்காம நாத்தப் பறிப்பீங்களா?"ன்னு. அவரு சிரிச்சாரு, பையன் சிரிக்கல.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, காலேஜ் மாறுறது வேற, யூனிவர்சிட்டி மாறுறது வேற. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி, கரூர், பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை எல்லாமே பாரதிதாசன் பல்கலைக்கழகத்து எல்லை. அதனால கரூர்ல படிச்ச பொண்ணு வேதாரண்யம் வந்தாலும் ஒரே யூனிவர்சிட்டி. ஆனா சிதம்பரம் பக்கம் போனா அது அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நம்ம பக்கத்துல இருந்து பெரிய தூரம் இல்ல, ஆனா பேப்பர்ல அது வேற உலகம். காரைக்கால் இன்னும் வேடிக்கை, நம்ம ஊரு மண்ணுதான், நம்ம சொந்தக்காரங்கதான், ஆனா அங்க இருக்குற ஆர்ட்ஸ் காலேஜ் எல்லாம் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம், அது மத்திய பல்கலைக்கழகம். திருமலைராயன்பட்டினத்துப் பொண்ணு நாகூர்ல வாக்கப்பட்டா நடந்தே போற தூரம், ஆனா மைக்ரேஷன் சர்ட்டிபிகேட் வேணும், அதாவது வேற யூனிவர்சிட்டிக்குப் போறதுக்குப் பழைய யூனிவர்சிட்டி குடுக்குற சான்றிதழ்.

இன்னொரு சிக்கல் யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரே யூனிவர்சிட்டிக்குள்ளயே ஒரு காலேஜ் அட்டானமஸா இருந்தா, அதாவது தன்னாட்சிக் கல்லூரின்னா, சிலபஸ் அவங்களே போடுவாங்க, எக்ஸாம் அவங்களே நடத்துவாங்க, கடைசியில டிகிரி மட்டும்தான் யூனிவர்சிட்டி பேர்ல வரும். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூர் சரபோஜி ரெண்டும் அந்த மாதிரிதான். அதனால "ரெண்டும் பாரதிதாசன்தானே சார்"னு சொல்லிட்டு வந்தா போதாது, அங்க படிச்ச பேப்பரும் இங்க படிக்கிற பேப்பரும் ஒண்ணான்னு பார்த்தே ஆகணும். 2023-24ல உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, எல்லா மாநில யூனிவர்சிட்டியிலயும் ஏறக்குறைய ஒரே சிலபஸ் இருந்தா புள்ளைங்க மாறுறது சுலபம்னு அதுக்கு ஒரு காரணமும் சொன்னாங்க. நல்ல நோக்கம்தான், ஆனா எந்தப் பேப்பர் எந்த செமஸ்டர்ல வருதுங்கிற சண்டை இன்னும் தீரல.

அந்தச் சண்டை எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம் சொல்றேன். பி.எஸ்சி. பிசிக்ஸ் வச்சுக்கங்க. ஒரு காலேஜ்ல முதல் வருஷம் அலைடு, அதாவது துணைப்பாடம், மேத்ஸ், ரெண்டாம் வருஷம் அலைடு கெமிஸ்ட்ரி. இன்னொரு காலேஜ்ல முதல் வருஷம் கெமிஸ்ட்ரி, ரெண்டாவது மேத்ஸ். பையன் அங்க மேத்ஸ் முடிச்சிட்டு இங்க ரெண்டாம் வருஷம் வர்றான், இங்க மறுபடி மேத்ஸ் நடக்குது, கெமிஸ்ட்ரி முடிஞ்சு போச்சு. இப்ப இவன் கெமிஸ்ட்ரி தியரி மட்டும் இல்ல, பிராக்டிகலும் ஜூனியர் பசங்களோட உக்காந்து பண்ணணும், ரெக்கார்டு நோட்டு எழுதணும், டைம் டேபிள் இடிக்கும். மேஜர் பேப்பர்ல ரெண்டு மாறிப் போச்சுன்னா அதுவும் சேரும். இப்படி விட்டுப்போன பேப்பரை எல்லாம் எழுதித்தான் ஆகணும், இல்லன்னா மூணு வருஷம் முடிஞ்சும் டிகிரி வராது. பார்ட் ஒன்னுங்கிற மொழிப்பாடத்துல சென்னையில பிரெஞ்சோ ஹிந்தியோ எடுத்திருப்பாங்க ஈஸியா மார்க் வரும்னு, இங்க வந்தா தமிழ் மட்டும்தான் இருக்கும், அப்ப மிச்ச செமஸ்டருக்குத் தமிழ் படிக்கணும், அதுக்கு யூனிவர்சிட்டி ஒத்துக்குமான்னு தனியா கேட்கணும். இன்டர்னல் மார்க் ஒரு இடத்துல 25, இன்னொரு இடத்துல 40, அதை எப்படி மாத்திப் போடுவாங்கன்னு அவங்க அவங்க ரூல். யூனிவர்சிட்டி ரேங்க், மெடல் எல்லாம் மாறி வந்தவங்களுக்குப் பெரும்பாலும் கிடையாது, நல்லாப் படிக்கிற புள்ளைங்க இதையும் யோசிச்சுக்கங்க.

பி.ஏ. ஹிஸ்டரி, எக்கனாமிக்ஸ், தமிழ், பி.காம். இவங்களுக்குப் பிராக்டிகல் தொல்லை இல்ல, கொஞ்சம் சுலபம். இன்ஜினியரிங் வேற கதை, அண்ணா பல்கலைக்கழகத்துக் காலேஜுக்குள்ள மாறுறதா இருந்தாலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியா போகணும். நர்சிங், சட்டம், விவசாயம் ஒவ்வொண்ணுக்கும் தனி விதி, அதை இங்க சொல்லல.

இப்ப வழி என்னன்னா. பழைய காலேஜ்ல இருந்துக்கிட்டே, பேரு அங்க இருக்கும்போதே, முடிச்ச செமஸ்டர் மார்க் ஷீட், அந்த சிலபஸ் முழுசா பிரின்ட் எடுத்து துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி. கிட்ட கையெழுத்தும் சீலும் வாங்கி வச்சுக்கங்க. வெப்சைட்ல இருந்து இறக்கினத மட்டும் கொண்டு வராதீங்க, எந்த வருஷத்து பேட்ச் சிலபஸ்னு சண்டை வரும். அதை எடுத்துட்டு புது காலேஜ் போய் முதல் கேள்வி, செகண்ட் இயர்ல வேகன்சி இருக்கா. ஒவ்வொரு கோர்ஸுக்கும் யூனிவர்சிட்டி இத்தனை சீட்டுன்னு சாங்ஷன் பண்ணியிருக்கும், யாராவது நின்னு போயிருந்தாத்தான் இடம் காலி. அப்புறம் அங்க இருக்குற ஹெச்.ஓ.டி. ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு டேபிள் போட்டுத் தரணும், எது ஒத்துப் போகுது, எது விட்டுப் போகுதுன்னு. அப்புறம் பிரின்சிபால் "சேத்துக்க ஆட்சேபணை இல்ல"ன்னு லெட்டர் தரணும். அதோட புது யூனிவர்சிட்டிக்கு அப்ளிகேஷன், ஃபீஸ் எல்லாம் காலேஜ் வழியா போகும், அங்க இருந்து எழுத்துல ஆர்டர் வரணும். அந்த ஆர்டர் கையில வந்த அப்புறம்தான் டி.சி., நடத்தைச் சான்றிதழ், பழைய யூனிவர்சிட்டியில இருந்து மைக்ரேஷன். "பிரின்சிபால் சரின்னு சொல்லிட்டாரு"ங்கிறது ஆர்டர் கிடையாது, ஹெச்.ஓ.டி. "வாம்மா பார்த்துக்கலாம்"னு சொன்னதும் ஆர்டர் கிடையாது. அவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா ஹால் டிக்கெட்ல பேரு வரலன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

எப்ப மாறலாம்னா, என் அனுபவத்துல மூணாவது செமஸ்டர் ஆரம்பம் மட்டும்தான் நிம்மதியான நேரம். நடு வருஷத்துல வேண்டாம். ஃபைனல் இயர்ல கேட்டா நான் நேராவே வேண்டாம்னு சொல்லிருவேன். அதுக்குக் காரணமும் இருக்கு, யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2021ல அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்னு ஒரு ஒழுங்குமுறை கொண்டு வந்தாங்க, கிரெடிட்னா ஒவ்வொரு பேப்பரும் பாஸ் பண்ணினா கிடைக்கிற புள்ளி, அதுல டிகிரி குடுக்குற நிறுவனத்துலயே பாதி கிரெடிட்டாவது எடுத்திருக்கணும்னு இருக்கு. நம்ம ஊரு மூணு வருஷ டிகிரிக்கு 140 கிரெடிட்னு வச்சா 70 கிரெடிட் புது இடத்துல எடுக்கணும், நாலு செமஸ்டர் முடிச்சிட்டு வர்றவனுக்கு மிச்சம் அவ்வளவு இருக்காது. இந்த கிரெடிட் பேங்க் பத்தி பசங்களுக்கு ஒரு தப்பு நினைப்பு, டிஜிலாக்கர்ல ஐ.டி. இருக்கு, கிரெடிட் ஏறியிருக்கு, எங்க வேணா எடுத்துட்டுப் போலாம்னு. அது கணக்கு வைக்கிற இடம் மட்டும்தான், 7 வருஷம் வரைக்கும் கிரெடிட் உசுரோட இருக்கும், ஆனா ஏத்துக்கிறதா இல்லையாங்கிறது சேத்துக்கிற இடத்தோட முடிவு.

லேட்டா வர்றதுதான் நம்ம டெல்டாவுல பெரிய பிரச்சனை. மேட்டூர் ஜூன் 12 தொறந்தா அப்பாமாருக்கு குறுவைதான் கண்ணுல தெரியும், நடவு முடிச்சுட்டு ஆடி மாசம் புள்ளையக் கூட்டிக்கிட்டு வருவாங்க. அவங்கள குத்தம் சொல்லல, ஆள் கிடைக்கிற நாளு அது. ஆனா செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் அட்டெண்டன்ஸ்னா 68 நாள் வரணும், மொத்தமா 22 நாள்தான் விடலாம். பேப்பர் நகர்றதுக்கே ஒரு மாசம் ஆச்சுன்னா அந்த 22 நாள் சேர்றதுக்கு முன்னாடியே செலவாயிருச்சு, அப்புறம் ஐப்பசி கார்த்திகையில மழை வெள்ளம்னு பஸ் வராத நாள் வேற இருக்கு. 65க்கு மேல 75க்குள்ள இருந்தா கண்டோனேஷன் ஃபீஸ், அதாவது அட்டெண்டன்ஸ் குறைவை மன்னிக்கிறதுக்கான ஃபீஸ், கட்டி எழுதலாம், அதுக்குக் கீழ போனா அந்த செமஸ்டரே கஷ்டம். அதனால ஏப்ரல் எக்ஸாம் முடிஞ்ச மறுநாளே அலைய ஆரம்பிங்க, மார்க் ஷீட் வரட்டும்னு உக்காராதீங்க, வேகன்சியும் சிலபஸும் ரிசல்ட்டுக்கு முன்னாடியே விசாரிக்கலாம்.

அரியர் இருக்கா? அப்ப முதல்ல அதை முடிங்க. அரியரோட சேத்துக்க நிறைய இடத்துல மாட்டாங்க.

பணம் பத்தி. முதல் வருஷம் சேர்ந்த கையோட ஒத்துவரல, விலகுறேன்னா யு.ஜி.சி. 2018 அறிவிப்புப்படி ஃபீஸ் திரும்பக் கேட்கலாம், அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாளோ அதுக்கும் மேலயோ முன்னாடி விலகினா கொஞ்சம் ப்ராசஸிங் சார்ஜ் போக முழுசா, 15 நாளுக்குள்ளன்னா 90 சதவீதம், தேதி முடிஞ்சு 15 நாளுக்குள்ள 80, அதுக்கு மேல 30 நாள் வரைக்கும் 50, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. ஆனா நடைமுறையில சில சுயநிதிக் காலேஜ்ல "மிச்ச வருஷத்து ஃபீஸும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்க"ன்னு சொல்றாங்க. கத்திச் சண்டை போடாதீங்க, எழுத்துல லெட்டர் குடுத்து அதோட நகல்ல சீல் வாங்குங்க, குடுக்கலன்னா ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க, அப்புறம் யு.ஜி.சி.யோட இ-சமாதான் போர்ட்டல்ல போடுங்க, முதல்வர் உதவி மைய நம்பர் 1100லயும் சொல்லலாம். பல இடத்துல அந்த லெட்டர் நகல் எடுக்கும்போதே டி.சி. வந்துருது.

ஸ்காலர்ஷிப்பையும் மறந்துராதீங்க. புதுமைப் பெண் (2022ல இருந்து), தமிழ்ப் புதல்வன் (2024ல இருந்து) ரெண்டும் மாசம் 1,000 ரூபாய், அது யூமிஸ்ல, அதாவது காலேஜ் புள்ளைங்க விவரம் வைக்கிற அரசு ஆன்லைன் பதிவுல, உங்க பேரு எந்தக் காலேஜ்ல இருக்கோ அதை வச்சுத்தான் வரும். பழைய காலேஜ் அங்க இருந்து விடுவிக்கலன்னா புது இடத்துல ஏத்த முடியாம பணம் நிக்கும். டி.சி. வாங்குற அன்னைக்கே "யூமிஸ்லயும் ரிலீவ் பண்ணிருங்க"ன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்களே மறந்துருவோம்.

கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு மட்டும் கொஞ்சம் தனியா சொல்லணும். ரெண்டாவது வருஷத்துல கல்யாணம் முடிச்சிட்டு "அங்க போய் சேத்துக்கலாம்"னு பேசி வைக்கிற வழக்கம் நம்ம பக்கம் இருக்கு. நிச்சயம் பண்றப்பவே அதைப் பேசுறவங்க, எந்தக் காலேஜ்னு மட்டும் விசாரிக்கிறதே இல்ல. என் யோசனை, மிச்சம் மூணு செமஸ்டர்தான்னா அம்மா வீட்டுல இருந்து முடிக்கட்டும், வார லீவுக்கு அங்க போகட்டும், அந்தப் பேச்சைக் கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்ள வீட்டுல பேசுங்க. பிரசவம்னா பிரேக் ஆஃப் ஸ்டடி, அதாவது படிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறேன்னு, எழுதிக் குடுத்துட்டு போங்க, டி.சி. வாங்காதீங்க, குழந்தை பொறந்து வந்து விட்ட இடத்துல இருந்து தொடரலாம். எழுதிக் குடுக்காம நின்னுட்டா அதுதான் சிக்கல்.

முதல் வருஷமே பாதியில விட்டுட்டு வந்த பசங்க ட்ரான்ஸ்ஃபர்னு மண்டைய உடைச்சுக்காதீங்க. அடுத்த ஜூன்ல ப்ளஸ் டூ மார்க்க வச்சு அரசுக் கல்லூரி ஆன்லைன் அட்மிஷன்ல புதுசாவே போடுங்க. ஒரு வருஷம் போச்சேன்னு வீட்டுல புலம்புவாங்க, ஆனா விட்டுப்போன பேப்பரத் துரத்திக்கிட்டே திரியுறவன் நாலு வருஷம் அஞ்சு வருஷம் இழுக்குறதை நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்.

கடைசியா ஒண்ணு, காலேஜ் வாசல் டீக்கடையில, ஜெராக்ஸ் கடையில "நான் யூனிவர்சிட்டியில ஆள் வச்சிருக்கேன், ஈக்வலன்ஸ் வாங்கித் தர்றேன்"னு, அதாவது ரெண்டு படிப்பும் சமம்னு ஆர்டர் வாங்கித் தர்றேன்னு, கையில பணம் கேட்குற ஆளுங்க இருக்காங்க. வேதாரண்யத்துல இருந்து திருச்சி பல்கலைப்பேரூர் போய் வர ஒரு நாள் முழுசா ஓடிருமேன்னு நம்பிக் குடுத்துர்றாங்க. யூனிவர்சிட்டி ஃபீஸ் எதுவானாலும் ஆன்லைன்லயோ பேங்க் வழியாவோ அவங்க பேர்லதான் கட்டணும், ரசீது வரும், உங்க ஃபைல் காலேஜ் ஆபீஸ் வழியாத்தான் போகும். எந்த செக்ஷன்ல நிக்குதுன்னு எங்ககிட்ட கேளுங்க, டெஸ்பாட்ச் நம்பர் குடுப்போம், அதை வச்சு நீங்களே போன் பண்ணிக் கேட்டுக்கலாம்.